ஊர் தின்ற இனிப்பு

பாவடிப்பட்டியில் யார் எந்த மூலையில் உட்கார்ந்து எதை இனிப்பாகத் தின்றாலும் அது மரகதத்தின் நாக்கிலும் இனிக்க ஆரம்பித்தது ஓர் ஆடி மாத முற்பகலில், காற்றும் தறியும் போட்டி போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான். அது ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது, வேறு யாரையும் விட்டுவிட்டு அவள் நாக்கை ஏன் தேடிப் பிடித்தது என்றெல்லாம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. மழை ஏன் பெய்கிறது என்று விசாரித்துவிட்டா நாம் குடத்தை எடுத்து வைக்கிறோம்?

மரகதம் ரத்தினசபாபதி முதலாளியின் தறிப்பட்டறையில் தார் சுற்றுகிறவள், அதாவது நூலைக் குச்சிகளில் சுற்றிச் சுற்றித் தறிக்குக் கொடுக்கிறவள். புருஷன் லாரியில் வடக்கே போனவன், போன இடத்திலேயே இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான், பிள்ளை குட்டி கிடையாது, லைன் வீட்டில் ஒற்றை அறையில் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுப் பழகியவள். வீட்டில் சர்க்கரை டப்பாகூட வைத்துக்கொள்வதில்லை, ஒருத்திக்காக வாங்கி வைத்தால் தீர்வதற்குள் கட்டிதட்டிப் போய்விடுகிறது என்று அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவளின் வாயில்தான் அன்றைக்கு, அவள் பாட்டுக்குத் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது, சர்க்கரை தூக்கலான ஓர் இஞ்சி டீ வந்து இறங்கியது.

துப்பினாள். தண்ணீர் குடித்தாள். டீ போய் ஒரு தேங்காய் பன் வந்தது. பன் போவதற்குள் பள்ளிக்கூடத்துப் பொடுசுகள் உறிஞ்சும் மாம்பழ ஜூஸ் வந்தது, அதன் பின்னாலேயே சத்து சத்து என்று டப்பாவில் எழுதி விற்கிற பவுடரைக் கலந்த பால் வந்தது, தக்காளி சாஸ் வந்தது, பாட்டில் கலர் பொங்கிக்கொண்டு வந்தது. பேய் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் பயந்தாள், ஆனால் பேய்க்குத் தேங்காய் பன் எதற்கு என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நாளிலேயே எது யாருடையது என்று அவளுக்கு விளங்கிவிட்டது, முகம் பார்த்து ஆளைச் சொல்வதைவிடச் சுலபமாக. விடியும்போது வரும் இஞ்சி டீ டீக்கடைச் சடையப்பனுடையது, அவர் முதல் டீயைத் தனக்குத்தான் போட்டுக்கொள்வார். அதற்கடுத்து சாயப்பட்டறைக்காரர்களின் வர்க்கி, பிறகு டீச்சரம்மா ஒருத்தருக்கும் தெரியாமல் கைப்பையில் வைத்திருக்கும் தேன்மிட்டாய், மத்தியானம் தறிக்காரர்களின் டீ மொத்தமாக ஒரு மூச்சு. படுக்கையிலிருந்து எழுந்திருக்கும் முன்னாலேயே, "வாங்கண்ணா, இன்னைக்கு இஞ்சி கொஞ்சம் கூடிருச்சே" என்று சடையப்பனிடம் சத்தமாகப் பேசுவாள். இத்தனை வருஷமாக யாருமே வராத அந்த அறைக்குள் ஊரே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு, அந்தச் சந்தோஷத்தை இல்லையென்று சொன்னால் அது பொய்.

ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. அது அவள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு, தறி ஓட்டும் மாணிக்கத்தின் பெண்டாட்டி காளீஸ்வரியின் வீடு. மாணிக்கத்தின் டீ வந்தது, காளீஸ்வரியிடமிருந்து ஒரு பொட்டுக் கற்கண்டுகூட இல்லை. ஊரே என்னிடம் வருகிறது, இவளுக்கு மட்டும் என்ன கொழுப்பு என்று மரகதத்துக்கு உள்ளுக்குள் கறுவல் இருந்தது, வாசலில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

விஷயம் வெளியே வந்தது சுகர் பார்க்கும் முகாமில். சமுதாயக் கூடத்தில் பெஞ்சு போட்டு, வரிசையில் நிற்க வைத்து, விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். வருஷக்கணக்காக மாத்திரை தின்கிறவர்கள், கோதுமைக் கஞ்சியிலேயே காலம் தள்ளுகிறவர்கள், தறிச்சத்தத்தில் தலைசுற்றி விழுந்தவர்கள் என்று ஒவ்வொருவராக வர, எல்லாருக்கும் பச்சைக் குழந்தைக்கு இருப்பது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது சுகர். மெஷின் கெட்டுவிட்டது என்று நர்ஸம்மா வேறு மெஷினை எடுத்தார். அதுவும் அப்படியே சொன்னது. கடைசியில் மரகதம் விரலை நீட்டினாள், மெஷின் எண்ணைக் காட்டவே மறுத்து 'ஹை' என்று எழுதிவிட்டு நின்றது.

"நீங்க என்னதாங்க்கா சாப்பிடறீங்க?" என்று பதறினார் நர்ஸம்மா.

"நான் எங்கீங்க சாப்பிடறேன், சாப்பிடறதெல்லாம் இவங்க" என்று மரகதம் வரிசையைக் காட்டினாள். நம்பாமல் சிரித்தவர்களைப் பார்த்து, முதலாளி ரத்தினசபாபதி பக்கம் திரும்பி, "காலையில காப்பியில சுகருக்குப் பதிலா போடற மாத்திரை ரெண்டு போட்டீங்க, அதோட இனிப்பு நாக்குல பட்டுட்டு அப்புறம் இரும்பு கடிச்ச மாதிரி ஒரு வால் விடும். அதான் மாத்திரை போட்டாச்சே, தப்பில்லைன்னு பீரோவுக்குப் பின்னால வெச்சிருந்த லட்டு ரெண்டு தின்னீங்க. சொல்லட்டுங்களா இன்னும்?" என்றாள்.

முதலாளியம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததை எழுதினால் முதலாளிக்கு மரியாதையாக இருக்காது.

ஊருக்குப் புரிய ரொம்ப நேரமாகவில்லை. தின்பது நாம், இனிப்பது நம் நாக்கில், ஆனால் தின்றதும் அதோடு உடம்பில் தேங்கிக் கிடக்கிறதும் சேர்ந்து போய் இறங்குவது மரகதத்தின் ரத்தத்தில். அன்று சாயங்காலமே சடையப்பன் கடையில் சர்க்கரை டின் காலியாகிவிட்டது. 'சக்கரை இல்லாம' என்று சொல்லிச் சொல்லியே நாக்கு செத்துப்போனவர்கள் 'தூக்கலா ஒண்ணு' என்று சத்தமாகக் கேட்டார்கள். மகள் கல்யாணத்தில்கூட இனிப்பைத் தொடாத ஒரு மனுஷர் பேக்கரி வாசலில் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தேம்பித் தேம்பி அழுதார், அவரைப் பார்த்து யாருக்கும் குற்றம் சொல்ல வாய் வராது. கடை மேல் கடையாக பேக்கரி முளைத்தது. ஒறம்பரையாகப் பண்டிகைக்கு வந்த வெளியூர்ச் சொந்தக்காரர்கள் தட்டோடு உட்கார்ந்து திரும்பிப் போக மனசில்லாமல் இழுத்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள், "மாப்பிள்ளை பாவடிப்பட்டிங்களா, அப்ப சரி" என்று ஜாதகத்தைக்கூடப் புரட்டாமல் தட்டை மாற்றினார்கள்.

மரகதத்தை மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், ஊர் அப்படி நன்றி கெட்ட ஊர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அவள் படம் போட்டு, 'எங்கள் இனிப்பின் இமயமே' என்று பேனர் கட்டினார்கள். மேடை போட்டு சால்வை போர்த்தினார்கள், சால்வையோடு ஒரு பெரிய டப்பா மைசூர்பாகும் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஃபேன் வந்தது, சாய்வு நாற்காலி வந்தது. "இனி நீங்க தார் சுத்தக் கூடாதுங்க்கா, உங்க உடம்பு எங்க உடம்பு" என்று கும்பிட்டு அவளைப் பட்டறையிலிருந்து அனுப்பி வைத்தார் முதலாளி.

அதுதான் அவளுக்கு விழுந்த முதல் அடி. பட்டறையில் பக்கத்து ராட்டைக்காரிகளோடு சத்தத்துக்கு மேல் சத்தமாகக் கத்திப் பேசுவதும், சாப்பாட்டு வேளையில் ஊறுகாயை மாற்றிக்கொள்வதும்தான் அவளுக்கு இருந்த மனுஷ வாடை. இப்போது அவர்கள் யாரும் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. காலையில் தின்ற பன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது? முறுக்கும் சுண்டலும் காரக்குழம்பும் தூக்குப்போசியில் கொண்டுவந்து வாசலில் வைத்து, "வெச்சிருக்கறேனுங்க்கா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். உள்ளே வா என்று அவள் எழுந்து வருவதற்குள் தெரு காலியாகிவிடும். நாற்காலியில் சாய்ந்து, ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, நாக்கில் வந்து போகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரும் பதில் பேசவில்லை.

தாகம் எடுத்தது. எத்தனை குடம் குடித்தாலும் அடங்கவில்லை. உள்ளங்காலில் எரிச்சல் வந்து, எரிச்சல் போய் மரத்துப்போனது. காலில் ஆணி குத்தியது தெரியவே இல்லை, விரல் கறுத்து நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்து டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விரலை எடுத்தார்கள்.

பாவடிப்பட்டி எல்லையைத் தாண்டியதுமே நாக்கு வெறிச்சோடிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அத்தனை நாளும் வாயில் வெறும் எச்சில்தான். புண் மளமளவென்று ஆறியது, தாகம் அடங்கியது, "இந்த ஊர்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்குதும்மா, இங்கயே இருந்துடுங்களேன்" என்று டாக்டரே சொன்னார். உடம்பு தேறத் தேற மனசு தேயத் தொடங்கியது. சடையப்பன் எழுந்திருப்பாரா, டீச்சர் மிட்டாய் தின்றிருப்பாளா என்று ஏங்கிப் போனாள் மரகதம். பக்கத்துக் கட்டில்காரி சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசும்போது, இவள் ஊர்க்காரர்களின் ருசியைப் பற்றிப் பேசினாள், அந்தம்மா பயந்துபோய்க் கட்டிலை மாற்றிக்கொண்டாள்.

அங்கே ஊரில் வேறு கதை. அவள் எல்லை தாண்டிய அன்றைக்கே அவரவர் சர்க்கரை அவரவரிடம் திரும்பி வந்துவிட்டது, அதுவும் வட்டியும் முதலுமாக. தறி மேலேயே தலைசுற்றி விழுந்தார்கள், கண் இருட்டியது, மாத்திரைகளைத் தேடினால் எல்லாவற்றையும் எப்போதோ குப்பையில் கொட்டியிருந்தார்கள். சரி, இனிமேல் வாயைக் கட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மரகதத்தை எப்படியாவது உயிரோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. மாகாளியம்மன் கோயிலில் கூடி வேண்டிக்கொண்டார்கள், மனசாரத்தான் வேண்டிக்கொண்டார்கள், பெண்கள் பலர் அழுதார்கள். அவள் நல்லபடியாக வந்து சேர்ந்தால் வீட்டுக்கொரு பானை சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம் தாயே என்று நேர்ந்துகொண்டார்கள்.

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் பாவடிப்பட்டியில் ஒருவருக்குக்கூட அதில் ஏதோ இடிக்கிறதே என்று உறைக்கவில்லை. அன்பு என்று ஒன்று பொங்கி வந்தால் இந்த ஊர்க்காரர்களின் கை முதலில் போவது வெல்லப் பானைக்குத்தான்.

வேன் வைத்துக் கூட்டி வந்தார்கள். கொட்டு முழங்கியது. கோயில் வாசலில் முன்வரிசையில் அவளுக்கு நாற்காலி. தெருநெடுகக் கல் கூட்டி, பானை பானையாகப் பொங்கிச் சாய்ந்தது, வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் மணந்தன, எல்லாரும் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆளுக்கொரு வாழை இலையில் கை வைத்தார்கள். மரகதத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது, இத்தனை பேர் தனக்காகவா என்று. முதல் கவளம் வந்தபோது சிரித்தாள். அப்புறம் ஊரே ஒன்றாக வந்து இறங்கியது. கையெடுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள் நாற்காலியோடு சரிந்து விழுந்தாள்.

பிழைத்தாள். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றி எழுப்பினார்கள், ஆனால் இடது கண்ணில் புகை படிந்தது படிந்ததுதான். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆள் தங்காது, ஒன்று இந்த அம்மா ஊரை விட்டுப் போகட்டும், இல்லை ஊர் இனிப்பை விடட்டும் என்று டாக்டரம்மா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "போகச் சொல்லாதீங்க" என்று முதலில் சொன்னது மரகதம்தான். போனால் அந்த வெறும் நாக்கோடு எங்கே உட்காருவது என்ற பயம் அவளுக்கு.

ஊர் வெட்கப்பட்டது, நிஜமாகவே வெட்கப்பட்டது. எல்லாரும் கோயிலில் கூடி, கற்பூரத்தை ஏற்றிக் கையால் அணைத்து, இனி இந்த ஊரில் இனிப்பு கிடையாது என்று சத்தியம் செய்தார்கள். பேக்கரிகளுக்கு ஷட்டர் இறங்கியது. சடையப்பன் சர்க்கரை டின்னைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் விடியலில் மரகதத்தின் நாக்கு அமைதியாக இருந்தது. அந்த அமைதி உடம்புக்குச் சுகமாகவும் மனசுக்குப் பாரமாகவும் இருந்தது. எனக்காக ஒரு ஊரே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறதே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். மத்தியானம், பொடித்த சர்க்கரை ஒரு சிட்டிகை வந்தது. விரல் நுனியில் ஒற்றி நக்கியது, அவ்வளவுதான். போகிறது, ஒரே ஒருத்தர் என்று விட்டாள். அப்புறம் ஒரு தேன்மிட்டாய், வாய்க்குள்ளேயே நசுக்கிச் சத்தமில்லாமல் கரைத்தது. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு குடித்த அரை டம்ளர் டீ. என் ஒருத்தன் டீயால் என்ன ஆகிவிடப் போகிறது, ஊர்தான் விட்டாயிற்றே என்று ஒவ்வொருத்தரும் தனித்தனியாக நினைத்தது அவளுக்கு நாக்கிலேயே தெரிந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, பழையபடி ஊர் முழுக்க, ஆனால் இப்போது திருட்டுத்தனமாக.

உடனே வாசலுக்கு ஆட்களும் வந்தார்கள். "இப்ப எப்படீங்க்கா இருக்குது? நாங்கதான் எல்லாத்தையும் விட்டுட்டமே!" என்று முதலாளியம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், கேட்கும்போதே கன்னத்தின் ஓரத்தில் ஒரு கற்கண்டு கரைந்துகொண்டிருந்தது. மரகதம் அந்த முகத்தைப் பார்த்தாள், அந்தக் கற்கண்டை ருசித்தாள், "நல்லா இருக்கறேனுங்க" என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு தனியாக அவள் அதற்கு முன் இருந்ததில்லை, புருஷன் லாரி ஏறிப் போனபோதுகூட.

எல்லாரும் போன பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது? எதிர்வீட்டின் மேல் காட்டலாம் என்று, விரல் போன காலை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து காளீஸ்வரி கதவைத் தள்ளினாள்.

காளீஸ்வரி சேலையை ஒதுக்கிவிட்டு, மேடிட்ட வயிற்றின் ஓரத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பழைய ஊசித் தடங்கள் நீலம் நீலமாக வயிறெல்லாம் இருந்தன.

"என்ன இது?" என்றாள் மரகதம், சண்டைக்கு வந்ததை மறந்து.

"சுகருக்குங்க்கா. மொதப் புள்ளைக்கும் ஏறுச்சு, கவனிக்காம விட்டு உள்ளயே போயிருச்சு. அப்பவே இனிப்பை விட்டுட்டேன். இதையாவது காப்பாத்தோணும்." ஊசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "உக்காருங்க்கா, காலோட எதுக்கு நடந்து வந்தீங்க?" என்று பலகையை இழுத்துப் போட்டாள்.

"ஊரே சுகர் இல்லாம திரியுது, உனக்கு மட்டும் எதுக்குடி ஊசி?"

"தின்னாத்தானுங்க்கா, தின்ன இனிப்போட சேர்ந்து உங்களுக்கு வருது. நான் தின்னறதில்லை, என்னுது எங்கிட்டயே நிக்குது."

மரகதம் வயிற்றைப் பார்த்தாள், தடங்களைப் பார்த்தாள். "அட கிறுக்கி, ஒரு துண்டு கற்கண்டை வாயில போட்டா ஊசியே வேண்டாமே. போட்டுக்க கண்ணு. இத்தனை பேரோடது வருது, உன்னோட ஒரு துண்டுலயா நான் சாகப் போறேன்?"

"எல்லாரும் அப்படிச் சொல்லித்தானுங்க்கா போடறாங்க" என்றாள் காளீஸ்வரி. "அது யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சும் நான் எப்படிப் போடறது? நீங்க என்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குவீங்க, எதுக்கு கோவம்னு தெரியாம நானும் வாசலுக்கு வரப் பயந்துட்டு இருந்தேன்."

கொழுப்பு பிடித்தவள் என்று நினைத்தேனே பாவி என்று மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள், வாய்விட்டு அழுதாள். காளீஸ்வரி ராகிக் களியை இரண்டு தட்டில் போட்டு, கீரையைக் கடைந்து ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். சுவரைப் பார்க்காமல் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டது மரகதத்துக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான்.

அதன் பிறகு தினமும் அங்கேதான் சாப்பாடு. "நீங்க போயிருங்க்கா, இங்க இருந்தா இன்னொரு கண்ணும் போயிரும்" என்று காளீஸ்வரி சொல்லிக்கொண்டே இருந்தாள். "உன் பிரசவம் ஆகட்டும்" என்று மரகதம் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஊர் தின்றுகொண்டே இருந்தது. காலில் மரமரப்பு கணுக்கால் வரை ஏறியது.

பெண் குழந்தை பிறந்தது, முழுசாக, வீறிட்டுக்கொண்டு. டவுன் பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தெருப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள், சேனை வைக்க வேண்டுமே. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை முதல்முதலாக யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் அந்தக் குழந்தைக்கு வரும் என்பது அங்கே எல்லாருக்கும் உறுதி. தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸம்மா தொண்டை கிழியச் சொல்லி அனுப்பியிருந்தார், அதை யார் கேட்டது? முதலாளியம்மாவே வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து மரகதத்தின் கையில் கொடுத்தார்.

மரகதம் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தன்னைப் போய் சேனை வைக்கக் கூப்பிடுகிறார்களே! பிள்ளை பெறாதவள், புருஷன் விட்டுப் போனவள் என்று இதுவரை ஒரு வீட்டிலும் ஒரு விசேஷத்துக்கும் முன்னால் நிறுத்தாதவர்கள். சந்தோஷத்தில் விரலைக் கிண்ணத்தில் நனைத்தேவிட்டாள்.

"வெய்யுங்க்கா, வெய்யுங்க. உங்க கையால வெச்சா உங்க குணம் அப்படியே இறங்கிரும்" என்றார் முதலாளியம்மா, பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, "அக்காவுக்கும் வயசாவுதில்ல. நாளைக்கு நம்ம புள்ளைகளுக்கும் தாங்கறதுக்கு ஒருத்தி வேணுமே" என்றார். அதில் ஒரு கள்ளமும் இல்லை, அரிசி தீர்வதற்குள் அடுத்த மூட்டை சொல்லி வைப்பது போலத்தான் சொன்னார். கூடியிருந்த பெண்களும் ஆமாமாம் என்றார்கள்.

காளீஸ்வரி பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு மரகதத்தையே பார்த்தாள்.

மரகதம் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனாள். சாக்கடையில் கவிழ்த்தாள். குழாயடியில் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "யாரும் இந்தப் புள்ளை வாயில கைய வெக்கக் கூடாது" என்றாள். "இவ யாரோடதையும் தாங்கறதுக்குப் பொறக்கலை. எல்லாரும் வெளிய போங்க. காளீசு, நீ பாலைக் குடு."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். குழந்தை காம்பைத் தேடிக் கவ்வியது. முதல் வாய்ப் பால் அதன் தொண்டையில் இறங்கியபோது, மரகதத்தின் நாக்கிலும் மெல்லிசாக, வெதுவெதுப்பாக, இதுவரை எந்த டீயிலும் எந்தப் பன்னிலும் வராத ஓர் இனிப்பு வந்தது. இது அவளை எரிக்கவில்லை, தாகம் எடுக்க வைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதற்காக இன்னொரு கண்ணையும் கொடுக்கலாம், காலையும் கொடுக்கலாம், இங்கேயே கிடந்து செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது, அவ்வளவு ஆசையாக இருந்தது.

வாசலில் பெண்கள் இன்னும் போகவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், அக்கா கோபம் ஆறட்டும் என்று பேசிக்கொண்டது உள்ளே கேட்டது.

"நான் போறேன் காளீசு" என்றாள் மரகதம்.

காளீஸ்வரியின் முகம் கோணியது. போ போ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு" என்றாள்.

"தாங்கறதுக்கு ஒருத்தி இருக்கற வரைக்கும் அவளுக்கு அடுத்தவளைத் தேடிட்டேதான் இருப்பாங்க. ஒருத்தியுமே இல்லைன்னு ஆச்சுன்னா அவங்கவங்க வாயை அவங்கவங்க கட்டிக்குவாங்க. கட்டாட்டியும் அவங்கவங்க பாடு." குழந்தையின் உள்ளங்காலை ஒரு தடவை தொட்டாள். தூக்கவில்லை. தூக்கினால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விஷயம் பரவி பஸ்ஸைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "எங்களை விட்டுட்டுப் போறீங்களே, எங்க கதி என்னங்க்கா? இனி நான் காப்பியில போடற அந்த மாத்திரையைத் தவிர எதையும் தொடறதில்லை, சத்தியமா" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார் ரத்தினசபாபதி.

"மாத்திரை போட்டாலும் லட்டு லட்டுதானுங்க" என்றாள் மரகதம், கோபமில்லாமல். "டாக்டரைப் பாருங்க. எல்லாரும் உடம்பைப் பாத்துக்குங்க."

பஸ் கிளம்பியது. ஊர் எல்லை நெருங்க நெருங்க ஒவ்வொருவராக அவள் நாக்கிலிருந்து இறங்கிப் போனார்கள், சாயப்பட்டறை போனது, பள்ளிக்கூடம் போனது, டீச்சரின் மிட்டாய் போனது, கூட்டத்தில் நின்றபடியே துக்கத்துக்கு ஒரு டீ குடித்துக்கொண்டிருந்த சடையப்பனும் போனார். எல்லாம் போன பிறகும் பால் மட்டும் நாக்கின் நுனியில் துளியூண்டு நின்றது, குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார். வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று பயந்து, மரகதம் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு ரோடு போகிற பக்கம் கையை மட்டும் காட்டினாள். அவர் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.